நீலக்கல்லுக்குப் பக்கத்தில் மஞ்சள் வளையம்: கேட் மிடில்டனின் மோதிர ஜோடி

2011 ஏப்ரல் 29, வெஸ்ட்மின்ஸ்டர் அபே. பேராயர் ரோவன் வில்லியம்ஸ் எதிரில் நிற்க, இளவரசர் வில்லியம் கல்யாண மோதிரத்தை எடுத்து கேட் மிடில்டனின் விரலில் போடுகிறார். பாதி தூரம் சுலபமாகப் போன மோதிரம் விரல் முட்டியில் வந்து நின்றுவிடுகிறது. கொஞ்சம் அழுத்தி, திருகி, ஒருவழியாக உள்ளே தள்ளுகிறார். டிவியில் பார்த்த பலர் சிரித்திருப்பார்கள். மோதிர வேலை தெரிந்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். முட்டியில் கொஞ்சம் முரண்டு பிடித்து, அதைத் தாண்டியதும் விரலடியில் அமைதியாக உட்காரும் மோதிரம்தான் சரியான அளவு. முட்டியில் வழுக்கிக்கொண்டு போகும் மோதிரம் நாளைக்குக் கை கழுவும்போதும் வழுக்கிக்கொண்டுதான் வரும்.

அளவு முக்கியமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த மெல்லிய வளையம் அந்த விரலில் தனியாக இருக்கப் போவதில்லை. பக்கத்தில் உட்காரப் போவது உலகத்திலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட மோதிரங்களில் ஒன்று. நிச்சய மோதிரத்துக்குக் கல்யாண மோதிரம் பொருத்தும் வேலையைப் பற்றிப் பேச இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியவில்லை. முதல் பார்வைக்கு இந்த இரண்டும் பொருந்தவே பொருந்தாது என்பதுதான் இதில் சுவாரசியம்.

நிச்சய மோதிரத்திலிருந்து தொடங்கலாம். அது வில்லியமின் அம்மா டயானாவின் மோதிரம். 1981 பிப்ரவரி 24 அன்று சார்லஸ், டயானா நிச்சயம் அறிவிக்கப்பட்டபோது டயானா விரலில் இருந்தது. லண்டன் கராட் நிறுவனத்தின் நகை. நடுவில் 12 காரட் முட்டை வடிவ நீலக்கல், சுற்றிலும் 14 வைரம், 18 காரட் வெள்ளைத் தங்கம். விலை சுமார் 28,000 பவுண்டு என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. இளவரசிக்கென்று தனியாகச் செய்த நகையல்ல, கடையில் இருந்தவற்றில் ஒன்று. காசு இருந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம் என்று அரண்மனை வட்டாரத்தில் முணுமுணுப்புகூட இருந்ததாம். நீலத்தைச் சுற்றி வைரம் என்ற அமைப்பு அந்தக் குடும்பத்துக்குப் பழையது. 1840 பிப்ரவரியில் கல்யாணத்துக்கு முந்தைய நாள் ஆல்பர்ட் விக்டோரியா அரசிக்குக் கொடுத்த புரோச்சிலும் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) நடுவில் நீலக்கல், சுற்றிலும் 12 வைரம்தான்.

கல் இலங்கைக் கல் என்று சொல்லப்படுகிறது. இரத்தினபுரிப் பக்கத்துச் சேற்றுக் குழிகளில் கூடை கூடையாகக் கழுவி எடுக்கும் அதே வகை நீலம். 12 காரட் என்றால் 2.4 கிராம், கல் மட்டும். நம் ஊரில் நீலம் சனிக்கு உரிய கல். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கி, கனவு பார்த்து, ஒத்துக்கொண்டால்தான் போடுவோம். டயானாவின் கதை தெரிந்த என் அத்தை, ‘அந்த மோதிரத்தைப் போயி மருமகளுக்குக் குடுத்திருக்காங்களே’ என்று 2010 நவம்பரில் செய்தி வந்த அன்றைக்கு முழுக்க அங்கலாய்த்தார். அங்கே யாரும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. கென்யாவில் கேட்டிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்பதற்கு முன்னால் மூன்று வாரம் பையில் வைத்துச் சுமந்துகொண்டிருந்ததாகவும், அம்மாவும் இந்தச் சந்தோஷத்தில் பங்கெடுப்பதற்கு இது ஒரு வழி என்றும் வில்லியம் பேட்டியில் சொன்னார்.

ஆக, நிச்சய மோதிரத்தில் தேர்வுக்கே இடமில்லை. அது வந்து சேர்ந்த மோதிரம். தாத்தா பாட்டி நகையை வைத்துக்கொண்டு அதற்குத் துணை தேடும் எல்லாக் குடும்பங்களின் நிலையும் இதுதான்.

கல்யாண மோதிரத்திலும் தேர்வு கிடையாது என்பதுதான் அடுத்த சிக்கல். 1923ல் இன்றைய மன்னர் சார்லஸின் பாட்டி கல்யாணம் செய்தபோது, வேல்ஸ் நாட்டில் பாண்ட்டூ கிராமத்துக்குப் பக்கத்தில் உள்ள குளோகௌ சுரங்கத்துத் தங்கத்தில் மோதிரம் செய்தார்கள். அதே தங்கக் கட்டியிலிருந்து 1947ல் மகள் எலிசபெத்துக்கும், 1960ல் இன்னொரு மகள் மார்கரெட்டுக்கும், 1973ல் எலிசபெத்தின் மகள் ஆனுக்கும், 1981ல் டயானாவுக்கும் வெட்டி வெட்டிச் செய்தார்கள். சுரங்கமே 1998ல் மூடப்பட்டுவிட்டது. கேட்டுக்கு மோதிரம் செய்ய வேல்ஸ் தங்கத் துண்டு ஒன்றை அப்போதைய அரசி எலிசபெத் தன் கையிருப்பிலிருந்து வில்லியமுக்குக் கொடுத்தார். செய்து தந்தது வார்ட்ஸ்கி. 1865ல் வேல்ஸின் பாங்கோர் ஊரில் தொடங்கிய கடை, பிற்பாடு லண்டனில் பெரிய பெயர். கல் இல்லை, வேலைப்பாடு இல்லை, சொல்லப்போனால் ஒன்றுமே இல்லாத ஒல்லியான மஞ்சள் வளையம். வில்லியம் மோதிரமே போடவில்லை. அதை அரண்மனை முன்கூட்டியே சொல்லிவிட்டது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். ஒன்று தலைகனத்த ராஜ நகை, ஒன்று எந்த ஊர்ப் பத்தரும் ஒரு மதியத்தில் செய்து தரக்கூடிய வளையம். இன்றைக்கு ஒரு நகைக்கடைக்குள் போய், ‘வெள்ளைத் தங்க மோதிரத்துக்கு ஜோடி வேண்டும்’ என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு விற்பனையாளர்கள் வெள்ளைத் தட்டை எடுத்துத்தான் முன்னால் வைப்பார்கள். அந்தக் கணக்கில் கேட்டின் விரலில் இருப்பது தவறான ஜோடி.

ஆனால் அது உறுத்தவில்லை. ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம்.

நிறத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. நீலக்கல் மோதிரத்தில் கண்ணில் படுவது நீலமும் வைரமும்தான். வெள்ளைத் தங்கம் பெரும்பாலும் கல்லுக்கு அடியிலும் விரலுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கிறது. அதனால் மஞ்சள் வளையம் மோதிக்கொள்வது வெள்ளை உலோகத்தோடு அல்ல, நீலத்தோடு. நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் நிறங்கள் என்பது பட்டுப்புடவைக்கு ஜரிகை தேர்ந்தெடுத்த எந்த அம்மாவுக்கும் தெரியும். அதோடு, மஞ்சள் கொஞ்சமாக இருக்கிறது. பாதி அளவுக்கு மஞ்சளும் பாதி அளவுக்கு வெள்ளையும் இருந்திருந்தால் முடிவெடுக்க முடியாமல் இரண்டும் வாங்கியதுபோல இருக்கும். ஒரு கோடு மட்டும் மஞ்சள் என்னும்போது வேண்டுமென்றே செய்ததாகத் தெரிகிறது. நிறம் கலப்பதில் எனக்குத் தெரிந்த சூத்திரம் இவ்வளவுதான்: கலந்தால் சரிபாதியாகக் கலக்காதீர்கள்.

உண்மையான வேலை உயரத்தில் இருக்கிறது. கடையில் யாரும் பேசாத விஷயம் இதுதான்.

மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டு மேலிருந்து பார்ப்பதுதான் எல்லோர் வழக்கமும். பக்கவாட்டில் பார்க்கவேண்டும். நீலக்கல் மோதிரத்தின் தலை, விரலைச் சுற்றும் வளையத்தைவிட அகலமானது. 14 வைரங்களும் நான்கு பக்கமும் ஓட்டு வீட்டுத் தாழ்வாரம்போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தாழ்வாரத்துக்கும் விரல் தோலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ, அதற்குள் அடங்கும் கல்யாண மோதிரம் ஒட்டி உட்காரும். அடங்காதது தள்ளி நிற்கும். நடுவில் ஒரு சந்து விழும். அந்தச் சந்தில் தோல் பிதுங்கும், சோப்பு தங்கும், நாளடைவில் அரிக்கும்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. கல்யாண மோதிரத்தை ஒல்லியாகவும் தட்டையாகவும் செய்து தாழ்வாரத்துக்கு அடியில் நுழைப்பது ஒன்று. கல் தலை இருக்கும் இடத்தில் வளையத்தை வளைத்து விலக்கிவிடுவது இன்னொன்று. இந்த வளைவு மோதிரத்தை இன்றைக்கு ‘காண்டூர் பேண்ட்’ என்று ஏதோ புதுச் சரக்குபோல விற்கிறார்கள். நம் பாட்டிமார் போட்ட நெளி மோதிரத்தில் நடுவில் ஒரு இறக்கம் இருக்குமே, அதே இறக்கம்தான். பத்தரிடம் ‘நெளி மாதிரி, ஆனா இந்தக் கல்லுக்கு இடம் விட்டு’ என்று சொன்னால் பட்டென்று புரிந்துகொள்வார். மூன்றாவது வழி, நிச்சய மோதிரத்தின் தலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவது. பழைய நகையில், அதுவும் பரம்பரை நகையில், அந்த வழிக்குப் போகக் கூடாது.

நெளிக்கு ஒரு குறை உண்டு. அந்தக் கல் மோதிரம் இல்லாமல் தனியாகப் போட்டால் விரலில் ஏதோ கோணலாக இருப்பதுபோலத் தோன்றும். தினமும் இரண்டையும் சேர்த்தே போடுபவர்களுக்குச் சரி. கல் மோதிரத்தை அடிக்கடி கழற்றி வைப்பவர்களுக்கு நேர் வளையமே நல்லது.

கேட் இந்த இரண்டாவது வகை. கழற்றி வைக்கவேண்டிய வேலை அவருக்கு உண்டு. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் நோயாளியைத் தொடும் ஊழியர்களுக்கு முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. கடிகாரம் கூடாது, வளையல் கூடாது, கல் வைத்த மோதிரம் கூடாது. கல் இல்லாத வெறும் கல்யாண மோதிரம் ஒன்றுக்கு மட்டும் அனுமதி உண்டு. கல்லைப் பிடித்திருக்கும் நகங்களின் இடுக்கில் அழுக்கு சேரும் என்பதுதான் காரணம். விருந்தினருக்கு அந்த விதி அப்படியே பொருந்துமா இல்லையா என்பது வேறு விஷயம். குழந்தைகள் மருத்துவமனைக்குப் போன சில நாட்களில் அவர் விரலில் நீலக்கல் இல்லை. மஞ்சள் வளையம் இருந்தது. ‘ஏதாவது சண்டையா’ என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. சண்டையெல்லாம் இல்லை, சோப்புத் தண்ணீர்தான். ஜோடியில் ஒன்று மட்டும் தனியே நிற்கத் தெரிந்திருப்பதால்தான் இது நடக்கிறது.

இரண்டு மோதிரத்தையும் சேர்த்துப் பற்றவைத்துவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. சந்து விழாது, சுற்றாது, பார்க்க ஒரே நகையாக இருக்கும். எனக்குப் பிடிக்காத வேலை. இரண்டையும் சேர்த்துத்தான் கழற்றமுடியும், இரண்டையும் சேர்த்துத்தான் தொலைக்கவும் முடியும்.

சரி, உரசலுக்கு வருவோம். ஒரே விரலில் இரண்டு மோதிரம் என்றால் நாள் முழுக்க ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கும். எது எதைத் தின்னும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். மோஸ் கடின அளவுகோலில் வைரம் 10, நீலம் 9. சுத்தத் தங்கம் 3ஐக்கூடத் தாண்டாது. 22 காரட்டில் கலப்பு கொஞ்சம்தான் என்பதால் மெத்து மெத்தென்றுதான் இருக்கும். 18 காரட்டில் கால்வாசி வேறு உலோகம், அதனால் கெட்டி. வெள்ளைத் தங்கமாக இருந்தால் இன்னும் கெட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். பிளாட்டினம் வேறு மாதிரி. கீறினால் தங்கம்போலத் துகளாக உதிராது, ஒதுங்கி மேடாகி நிற்கும்.

நம் ஊரில் இந்தக் கணக்கு அடிக்கடி தப்புகிறது. நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீடு 18 காரட் வெள்ளைத் தங்கத்தில் வைர மோதிரம் போடும். கல்யாணத்துக்குப் பெண் வீட்டில் பாட்டி ‘தங்கம்னா 916தான்’ என்று சொல்லி 22 காரட் வளையம் போடவைப்பார். எங்கள் குடும்பத்திலேயே ஒரு பெண் இப்படி இரண்டையும் ஒரே விரலில் போட்டாள். சில வருஷத்தில் 22 காரட் வளையத்தின் ஓரத்தில் ரம்பத்தால் அறுத்ததுபோல ஒரு தடம். மோதிரத்தை விற்ற கடையில் கேட்டதற்கு, ‘நீங்க பாத்திரம் தேய்ச்சிருப்பீங்க’ என்று பதில் வந்ததாம். பாத்திரம் பாவம். தேய்த்தது பக்கத்து மோதிரம்.

கேட்டின் ஜோடியில் இந்த ஆபத்து எந்த அளவு? அவருடைய கல்யாண வளையம் எத்தனை காரட் என்று வெளியில் சொல்லப்படவில்லை. ஆனால் நீலக்கல் மோதிரத்தின் அமைப்பைப் பார்த்தால், மஞ்சள் வளையத்தைத் தொடுவது பெரும்பாலும் வழுவழுப்பான உலோக வளையம்தான். வைரங்கள் மேலே தாழ்வாரத்தில் இருக்கின்றன. கல்லின் கூரிய ஓரம் நேராகத் தங்கத்தில் படாதவரைக்கும் தேய்மானம் மெதுவாகத்தான் போகும். வெள்ளைத் தங்கத்துக்கு மட்டும் ஒரு தொந்தரவு உண்டு. கடைகளில் விற்கும் பளீர் வெள்ளை பெரும்பாலும் ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தின் முலாம். பக்கத்து மோதிரம் உரசும் இடத்திலும் உள்ளங்கைப் பக்கத்திலும் முதலில் தேய்ந்து, அடியிலிருக்கும் இளமஞ்சள் எட்டிப் பார்க்கும். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முலாம் போட்டுக்கொள்ளவேண்டியதுதான். பக்கத்தில் மஞ்சள் வளையம் இருந்தால் இந்த மாற்றம் அவ்வளவு சீக்கிரம் கண்ணுக்குத் தெரியாது என்பது கலப்பு ஜோடிக்கு ஒரு சின்ன லாபம்.

2013 ஜூலையில் மகன் ஜார்ஜ் பிறந்த பிறகு அந்த விரலுக்கு மூன்றாவது மோதிரம் வந்தது. வெள்ளைத் தங்கத்தில் வரிசையாக வைரம் பதித்த மெல்லிய வளையம். நீலக்கல்லைச் சுற்றியிருக்கும் வைரத்தோடு இது நிறத்தில் ஒட்டிக்கொள்கிறது. மஞ்சள் இப்போது வெள்ளைகளோடு சேர்ந்த ஒரு பொன்கோடு. அழகுக் கணக்கில் நல்ல சேர்க்கைதான். உரசல் கணக்கில் இதுதான் அந்த விரலின் முரடன். வைரம் பதித்த வளையத்தில் கல் ஓரம்வரை வந்திருந்தால் பக்கத்தில் எந்த மோதிரம் இருந்தாலும் அரம்போல ராவும். நானாக இருந்தால் கல் வைத்த இரண்டுக்கும் நடுவில் வெறும் வளையத்தைத்தான் போடச் சொல்வேன். அடி வாங்குவது வெறும் வளையமாக இருக்கட்டும். அதை மெருகு போட்டுவிடலாம், தேய்ந்தால் தங்கம் சேர்த்து மறுபடி செய்துவிடலாம். பரம்பரை மோதிரத்தில் கல்லைப் பிடித்திருக்கும் நகம் ஒன்று தேய்ந்து உடைந்தால் இழப்பு வேறு.

இந்தக் கலப்பு கேட்டோடு தொடங்கியதும் இல்லை. டயானாவே அதே நீலக்கல்லுக்குப் பக்கத்தில் அதே வேல்ஸ் மஞ்சளைத்தான் போட்டார். அவருக்கும் முன்னால் அவர் மாமியார் எலிசபெத். 1947ல் பிலிப் கொடுத்த நிச்சய மோதிரம் பிளாட்டினத்தில் 3 காரட் வைரம். தன் தாயார் ஆலிஸின் தலைமுடி அணியிலிருந்து கல்லை எடுத்து, பிலிப் ஆன்ட்ரோபஸ் என்ற நகைக்கடையில் செய்யச் சொன்னார். பக்கத்தில் வேல்ஸ் தங்க வளையம். வெள்ளையும் மஞ்சளுமாக 70 வருஷத்துக்கு மேல் எலிசபெத் அதைப் போட்டிருந்தார். பொருத்தம் பார்த்து வாங்கிய செட் எத்தனை அவ்வளவு காலம் ஓடும் என்று சொல்லுங்கள்.

நிறம் பொருத்திச் செய்த கதையும் அதே குடும்பத்தில் இருக்கிறது. 2017 நவம்பரில் நிச்சயம் அறிவித்தபோது, மெகனுக்கு மஞ்சள் தங்கம்தான் பிடிக்கும், அதனால் மோதிரமும் மஞ்சள் தங்கம் என்று வில்லியமின் தம்பி ஹாரி சொன்னார். நடுவில் போட்ஸ்வானா வைரம், இரு பக்கமும் டயானாவின் நகைகளிலிருந்து எடுத்த இரண்டு சிறு வைரங்கள். செய்தது கிளீவ் அண்ட் கம்பெனி. 2018 மே 19 அன்று பக்கத்தில் வேல்ஸ் தங்க வளையம் சேர்ந்தது. மஞ்சளோடு மஞ்சள், ஒரே கடை, புத்தகத்தில் போடவேண்டிய பொருத்தம். அடுத்த வருஷமே, 2019 ஜூனில், நிச்சய மோதிரத்தின் வெறும் தங்க வளையம் மாறி, பொடி வைரம் பதித்த மெல்லிய வளையமாகியிருந்தது. மாற்றியதில் தவறில்லை, அவர் மோதிரம் அவர் விருப்பம். ஆனால் பொடி வைரம் பக்கத்துத் தங்க வளையத்தை என்ன செய்யும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

டயானா மோதிரத்தின் நகலை நம் ஊர்க் கடைகளிலும் இப்போது கேட்கிறார்கள். கண்ணாடி நீலத்திலிருந்து இலங்கை நீலம்வரை எல்லா விலையிலும் கிடைக்கிறது. கல்யாணத்துக்கு ஒரு வளையமும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் நகல் மோதிரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். போட்டோ போதாது, போட்டோவில் உயரம் தெரியாது. காலையில் விரல் ஒல்லியாக இருக்கும், சாயங்காலம் போய் அளவு கொடுங்கள். இரண்டு மோதிரம் சேர்ந்தால் விரலுக்கு இறுக்கமாகத் தோன்றும், அதனால் இரண்டையும் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். தனித்தனியாகப் பார்த்த அளவைவிட அரை சைஸ் கூட்டவேண்டி வரலாம். தலைகனத்த மோதிரம் சுற்றிக்கொண்டே இருந்தால் அளவைக் குறைக்க அவசரப்படவேண்டாம், வளையத்தின் உள்பக்கம் இரண்டு சின்னக் குண்டு வைத்துத் தரச்சொன்னால் நின்றுவிடும். அப்புறம், இரண்டையும் பக்கத்தில் வைத்து நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை விட்டுப் பாருங்கள். எங்கே காகிதம் மாட்டிக்கொள்கிறதோ அங்கே உரசுகிறது. மாட்டும் இடத்தில் கல் இருந்தால் அந்த வளையம் வேண்டாம்.